சிலேட்டில் சுட்ட குறி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அது பொய். மூக்கு நுனி வரை போக அதற்கு ஒருநாளும் அவகாசம் கிடைத்ததில்லை. அதற்கு முன்பே வாயால் வந்துவிடும்.

இந்தக் குணத்தையும் கட்டிக்கொண்டு, இருபத்திரண்டு வயதில், நெடுந்தீவுப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் படிப்பிக்கப் போனேன். இரண்டாவது உலக யுத்தம் தொடங்க இன்னும் இரண்டு மூன்று வருஷம் இருந்தது. நான் பிறந்து வளர்ந்தது சுருவில் என்ற ஊரில். நானும் தீவுப் பெண்தான், கடலெல்லாம் எனக்கு ஒரு பொருட்டா என்று வள்ளத்தில் ஏறும்போது பெருமையடித்தேன். பாதி வழியில் காலையில் சாப்பிட்ட இடியப்பம் அத்தனையையும் கடலுக்குக் கொடுத்துவிட்டேன். வள்ளக்காரர் சுக்கானைப் பிடித்தபடி, "சுருவில் கடலும் எங்கட கடலும் ஒண்டில்லை, ரீச்சர்" என்றார். அன்றிரவே மாற்றல் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன். ஒரு பள்ளித் தவணை முடிந்ததும் அனுப்புவதாக எண்ணம்.

தலைமையாசிரியர் வீட்டில்தான் தங்கினேன். அவர் சண்டை சச்சரவு பிடிக்காத மனிதர். அவர் மனைவிக்கு உலகத்தில் உள்ள எல்லா நோய்க்கும் மருந்து தெரியும். எனக்கு நாலாம் வகுப்பைத் தந்தார்கள். முப்பத்தொரு பிள்ளைகள்.

அந்த வகுப்பில் நான் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டது இடாப்பை, வரவுப் பதிவேட்டைத்தான். காலையில் பெயர் கூப்பிடுவேன். "உள்ளேன்" என்று பதில் வந்தால் கறுப்பு மையில் ஒன்று. வராவிட்டால் சிவப்பு மையில் பூச்சியம். கூப்பிட்டுப் பதில் சொல்லாத பிள்ளை வந்த பிள்ளை இல்லை என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள், நானும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். ஒரு பிள்ளைக்கு ஆறு கிழமை, அதாவது ஆறு வாரம், விடாமல் பூச்சியம் விழுந்தால் பெயரை வெட்டிவிடுவது எங்கள் பள்ளிக்கூடத்து வழக்கம். பெயர் வெட்டப்பட்ட பெண்பிள்ளையை மறுபடி பள்ளிக்கு அனுப்பும் வீடு அந்த நாளில் மிகக் குறைவு.

மாரி மழை விடுகிற நேரத்தில் ஒருவர் ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அவளுடைய தாய்மாமன். பிள்ளை புங்குடுதீவு மடத்துவெளியில் பிறந்தவள். தாய் காய்ச்சலில் போய்விட்டாள். தகப்பன் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்றார். பெண்பிள்ளையைக் கடைக்குள் வைத்து வளர்க்க ஏலாது என்று மனைவியின் ஊருக்கு, மைத்துனரிடம் அனுப்பியிருந்தார். மாமன் எனக்கு இவ்வளவையும் சொல்லிவிட்டு, "கவனமாப் பாருங்கோ, ரீச்சர்" என்றார். நான் தலையாட்டினேன். எல்லோரிடமும் ஆட்டுவது போலத்தான் ஆட்டினேன்.

முதல் இரண்டு நாள் அவள் மெல்லிய குரலில் "உள்ளேன்" என்றாள். மூன்றாம் நாள் பெயரைக் கூப்பிட்டேன். என்னை நிமிர்ந்து பார்த்தாள், பேசவில்லை. திரும்பவும் கூப்பிட்டேன். பார்த்தபடியே இருந்தாள்.

"வாய்க்குள்ளை என்ன கொழுக்கட்டையோ?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. சிவப்பு மையைத் தொட்டுப் பூச்சியம் போட்டேன்.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. கணக்கெல்லாம் சரியாகச் செய்தாள், சொல்வதெழுதுதலில் ஒரு பிழை விடமாட்டாள். ஆனால் வாயைத் திறக்கமாட்டாள். இடைவேளையில் கிணற்றடியில் தனியே போய் இருப்பாள். வாழை இலையில் கட்டிக்கொண்டு வருகிற பிட்டைப் பாதி காகத்துக்குப் போட்டுவிடுவாள். வந்தபோது இருந்த கன்னம் இரண்டு கிழமையில் இல்லை. அதை நான் கண்டேன். கண்டும், பிடிவாதக்காரி என்றுதான் முடிவு கட்டினேன். பிடிவாதம் எப்படியிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்ற நினைப்பு.

காது கேட்கவில்லையோ என்று ஒருநாள் பின்னால் போய்ப் பள்ளிக்கூட மணியைக் கீழே போட்டேன். அவள் துள்ளி விழுந்தாள். காதில் ஒரு குறையும் இல்லை. தலைமையாசிரியரின் மனைவி, "வயித்திலை பூச்சியாக்கும், பிள்ளை" என்று வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டித் தந்தார். அதையும் விழுங்க வைத்தேன். அன்று முழுவதும் அவளுடைய வயிறு பேசியது, வாய் பேசவில்லை.

நாலாம் கிழமை ஒருநாள் பிரம்பை எடுத்தேன். கையை நீட்டு என்றதும் நீட்டினாள். உள்ளங்கையில் இரண்டு அடி. கையை இழுக்கவில்லை, கண்ணில் தண்ணீர் வரவில்லை, என்னைக் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத்தான் அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. ஆனாலும் பூச்சியத்தைப் போட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போயிருந்தேன்.

ஐந்தாம் கிழமை முடிவில் தலைமையாசிரியர் இடாப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளை வகுப்பிலைதானே இருக்குது?" என்று கேட்டார்.

"இருக்குது, ஐயா. ஆனால் பதில் சொல்லுதில்லை."

"அடுத்த வெள்ளியோடை ஆறு கிழமை. அதுக்கடுத்த திங்கள் பேரை வெட்டவேணும். நீர் யோசிச்சுச் செய்யும்."

செய்யும் என்றால் எதை? நான் போட்ட பூச்சியத்தை நானே எப்படி எடுப்பது? முப்பத்தொரு பிள்ளைகளுக்கு முன்னால் ஒருத்தி என்னை வென்றுவிட்டதாக ஆகிவிடாதா? அப்போது என் மண்டைக்குள் ஓடியது இதுதான். இன்று எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அடுத்த கிழமை நடுப்பகுதியில் ஒரு இடைவேளை. பூவரச மரத்தடியில் பிள்ளைகள் மணலில் கீறி விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் போய் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு மாட்டுக் குறியைக் கீறிக்கொண்டிருந்தது.

நெடுந்தீவில் மாடுகள் கட்டி வளர்க்கப்படுவதில்லை. ஊர் முழுக்கக் கல்வேலி இருக்கிறது. ஆனால் வேலிக்கு அப்பால் பெரும் வெளி. எல்லார் வீட்டு மாடும் ஒன்றாகக் கலந்து அங்கே மேயும். எது யாருடையது என்று தெரிய, கன்றாக இருக்கும்போதே இரும்புக் கோலைக் காய்ச்சித் தோலில் வீட்டுக் குறியைக் கீறிவிடுவார்கள். மழை விட்டுத் தரை காய்ந்ததும் ஒவ்வொரு வீட்டாரும் நாள் குறித்துக் கன்றுகளைப் பட்டியில் அடைத்து இதைச் செய்வார்கள். குறியில்லாத மாடு யார் கையில் அகப்படுகிறதோ அவருடையது. அந்தப் பிள்ளைகள் தங்கள் பெயரை எழுதப் பழகுவதற்கு முன்பே குறியைக் கீறப் பழகியவர்கள். புதிதாக ஒரு பிள்ளை வந்தால், நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கமாட்டார்கள். உங்கட குறி என்ன என்றுதான் கேட்பார்கள்.

"அவள் ஏன் விளையாட வாறேல்லை?" என்று கிணற்றடியைக் காட்டிக் கேட்டேன்.

முதல் வாங்கில் இருக்கும் வாயாடிப் பிள்ளை ஒருத்தி எழும்பினாள். "அவளுக்குக் குறி இல்லை, ரீச்சர். குறியில்லாத மாடு மாதிரி. மடத்துவெளியிலை அவவின்ரை அப்பாவுக்கு மாடே இல்லையாம். வாற சனிக்கிழமை அவவின்ரை அம்மான் கண்டுகளுக்குக் குறி சுடேக்கை அவளுக்கும் சுடுவார் எண்டு நாங்கள் சொன்னனாங்கள்."

அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் எங்கே கேட்டேன்? கூடி நின்ற ஆறு பேரையும் வரிசையில் நிறுத்தி ஆளுக்கு ஒன்று போட்டேன். ஒரு தாயில்லாப் பிள்ளையைக் காய்ச்சிய இரும்பைச் சொல்லிப் பயமுறுத்தி, ஊமையாக்கி வைத்திருக்கிறார்களே என்று கோபம் வந்தது. கூடவே, நோயைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை காலை குடையைப் பிடித்துக்கொண்டு மாமன் வீட்டுப் பட்டிக்கு நடந்தேன். தூரத்திலேயே சாண வரட்டிப் புகை தெரிந்தது. பட்டிக்குள் பத்துப் பன்னிரண்டு கன்றுகள் தாயைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தன. மாமன் தலைப்பாகை கட்டி, கையில் கோலோடு நெருப்புக்குப் பக்கத்தில் நின்றார். அவர் மனைவி ஒரு சிரட்டையில் மஞ்சள் கலந்த எண்ணெயை வைத்துக்கொண்டு, குறி வைத்த கன்றுகளுக்குச் சுட்ட இடத்தில் பூசினார். அவர்கள் வீட்டுக் குறி ஒரு வளைவும் அதற்குக் கீழே இரண்டு கோடும்.

என் மாணவி கல்வேலியின் மேல் ஏறி இருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, நல்ல நாளுக்குப் போடுகிற சட்டை போட்டிருந்தாள். ஒரு சட்டைக் கை தோள் வரை மடித்துவிடப்பட்டிருந்தது. மடியில் சிலேட்டு, அதில் அந்த வளைவையும் இரண்டு கோட்டையும் பலதரம் கீறி அழித்திருந்தாள். இத்தனையும் என் கண்ணில் பட்டது. கண்ணில் பட்டதெல்லாம் மூளைக்குப் போக வேண்டுமே.

"அண்ணை, கோலைக் கொஞ்சம் வையுங்கோ" என்று நான் வேலிக்கு வெளியே நின்றே சத்தமாகச் சொன்னேன். "இந்தப் பிள்ளைக்கும் நீங்கள் குறி சுடப்போறியள் எண்டு ஆரோ சொல்லி வைச்சிருக்கினம். பிள்ளை அதிலை பயந்துதான் ஐஞ்சாறு கிழமையாக் கதைக்கிறேல்லை." பிறகு அவள் பக்கம் திரும்பி, என்னால் முடிந்த மட்டும் இதமாக, "ஒருத்தரும் உனக்குக் குறி சுடமாட்டினம், பிள்ளை. நான் சொல்லுறன். பயப்பிடாதை" என்றேன்.

அவள் முகம் மலரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். முகம் சுண்டிப்போனது. பிரம்படிக்கு அழாத பிள்ளை விம்மி விம்மி அழத் தொடங்கினாள்.

"அப்ப எனக்கு வைக்கமாட்டியளோ, அம்மான்?"

ஆறு கிழமைக்குப் பிறகு நான் கேட்ட அவளுடைய முதல் வார்த்தை அது. மாமன் கோலோடு அவள் பக்கம் திரும்பினார்.

"என்ன பிள்ளை சொல்லுறாய்?"

"வைச்சாத்தான் நான் உங்கட ஆள். குறி வைச்சாப்பிறகுதான் எல்லாரோடையும் சேந்து 'உள்ளேன்' சொல்லலாம், அதுவரைக்கும் வகுப்பிலை கதைக்கப்பிடாது எண்டு பிள்ளையள் சொன்னவை. இண்டைக்கு வைப்பியள் எண்டு இருந்தனான்." மடித்துவிட்ட கையை அவரிடம் நீட்டினாள். "நோகும் எண்டு தெரியும், அம்மான். நான் அழமாட்டன்."

வாயாடிப் பிள்ளை அன்று சொல்ல வாயெடுத்தது இதைத்தான். நான் இருந்து கேட்டிருந்தால் புதன்கிழமையே தெரிந்திருக்கும். ஆறு கிழமையாக இந்தப் பிள்ளை என்னோடு பிடிவாதம் பிடிக்கவில்லை. தன் முறை வருமட்டும் ஒழுங்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நானோ அவள் முன்னாலேயே தினமும் அவளை இல்லை என்று எழுதிக்கொண்டிருந்தேன். வேலிக் கல்லில் கையை ஊன்றிக்கொண்டேன்.

மாமன் கோலை நெருப்பில் திரும்ப வைத்தார். தலைப்பாகையைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். புகை என்றார். புகை அந்தப் பக்கம் போகவில்லை.

"உன்ரை கொம்மா இந்தப் பட்டிக்குள்ளை விளையாடி வளந்தவள்" என்றார். "அவளுக்கு ஆர் குறி வைச்சது? அவள் எங்கட ஆள் இல்லையோ? மனுசத் தோலிலை ஆரும் சுடுவினமோ, என்ரை குஞ்சு?"

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. சொல்லில் சமாதானமாகிற கட்டத்தை அவள் கடந்துவிட்டாள் என்பது அவருக்கு என்னைவிட முதலில் விளங்கியது.

"அந்தச் சிலேட்டைக் கொண்டா" என்றார்.

வேலியால் இறங்கிப் போய்க் கொடுத்தாள். அவர் கீழே குந்தி, சிலேட்டை முழங்காலில் வைத்து, கோலின் சிவந்த நுனியை எடுத்தார். மரச் சட்டத்தின் மேல் மூலையில் மிகவும் நிதானமாக ஒரு வளைவு, கீழே இரண்டு கோடு. மரம் பொசுங்கிய வாசம் வந்தது. கன்றுக்குச் சுட்ட குறிகளில் சில கொஞ்சம் கோணலாக இருந்தன. இது ஒரு மயிரிழை பிசகவில்லை.

மாமி எழும்பி வந்தார். கண்ணைத் துடைத்த கையாலேயே சிரட்டை எண்ணெயைத் தொட்டு, கன்றுகளுக்குப் பூசிய அதே முறையில் சிலேட்டுச் சட்டத்துக் குறிக்கும் பூசிவிட்டார். அதைப் பார்த்துப் பிள்ளை சிரித்தாள். "மாமி, சிலேட்டுக்கு நோகுமோ?" என்று கேட்டாள். பிறகு அன்று முழுக்க அவள் பேச்சை நிறுத்தவே முடியவில்லையாம். மாமி எனக்குப் பிறகு சொன்னார்.

திங்கட்கிழமை காலை இடாப்பைத் திறந்தேன். அவள் பெயரைக் கூப்பிட்டேன்.

"உள்ளேன்!"

அடுத்த வகுப்பிலிருந்து தலைமையாசிரியர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம். ஒன்று போடப் போய்ப் பேனையை அழுத்திவிட்டேன், மை பரவிப் போயிற்று. அவளுடைய சிலேட்டு அதற்குள் மூன்று வாங்கு தாண்டிக் கைமாறிக்கொண்டிருந்தது. வாயாடிப் பிள்ளை சட்டத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மெய்யான குறி" என்று எல்லோருக்கும் அறிவித்தாள். அவர்கள் மனதில் வஞ்சகம் எதுவும் இருக்கவில்லை. குறி இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே என்பதை உண்மையாகவே நம்பிய பிள்ளைகள். நான் அந்த ஆறு பேரையும் கூப்பிட்டு, "முழுக்கக் கேளாமல் அடிச்சுப்போட்டன், பிள்ளையள். அது என்ரை பிழை" என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து நெளிந்தார்கள். ஒருத்தன் பெரிய மனது பண்ணி, "பறவாயில்லை, ரீச்சர், மெல்லமாத்தான் பட்டது" என்றான்.

அன்று பின்னேரம் இடாப்பைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியரிடம் போனேன். சிவப்புப் பூச்சியங்களை எல்லாம் ஒன்றாக்க வேண்டும் என்றேன். "இடாப்பிலை வெட்டித் திருத்தப்பிடாது. அடியிலை எழுதிக் கையெழுத்து வையும்" என்றார். எழுதினேன்: மேற்படி மாணவி இந்நாள்களில் எல்லாம் வகுப்பில் இருந்தாள், வரவு பதியாதது ஆசிரியையின் தவறு. இப்படி ஒரு வசனத்தை நான் கையெழுத்து வைத்து எழுதினேன் என்று தெரிந்தால் சுருவிலில் என் தமக்கைமார் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள்.

பிரம்பை அலுமாரிக்கு மேலே போட்டேன். கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்; அது என்னோடு பிறந்தது. ஆனால் அதன் பிறகு பெயர் கூப்பிடும்போது இடாப்பைப் பார்க்காமல் முகங்களைப் பார்த்தேன். குரல் இறங்கிய பிள்ளையை இடைவேளையில் பக்கத்தில் இருத்தி, என்ன என்று கேட்டு, சொல்லி முடியுமட்டும் என் வாயை மூடிக்கொண்டிருப்பேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டமான வேலை என்று என் வீட்டாரைக் கேட்டால் சொல்வார்கள்.

ஒரு கிழமைக்குள் வகுப்பில் குறியில்லாத சிலேட்டே இல்லை என்றாகிவிட்டது. தகப்பன்மாரை அரித்தெடுத்துச் சுட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். தலைமையாசிரியர் பார்த்துவிட்டு, "இது பள்ளிக்கூடமோ, பட்டியோ?" என்று தலையில் கை வைத்தார். ஆனால் என்ரை சிலேட்டு உன்ரை சிலேட்டு என்ற சண்டை அன்றோடு ஒழிந்தது என்பதால் ஒன்றும் செய்யாமல் விட்டார்.

அந்தத் தவணை முடிகிற நேரம், ஒரு இடைவேளையில் அவள் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கன்னம் திரும்ப வந்திருந்தது.

"ரீச்சர், உங்கட குறி என்ன?"

"எங்கட வீட்டிலை ரெண்டு ஆடுதான், பிள்ளை. குறி ஒண்டும் இல்லை."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் இருந்த கவலையை நான் இன்றும் மறக்கவில்லை. அந்தப் பார்வைக்கு அர்த்தம் அந்தத் தீவில் அவளுக்கும் எனக்கும்தான் சரியாகத் தெரியும்.

அடுத்த நாள், இடாப்புக்குக் கோடு கீறுகிற என் மர அடிமட்டத்தைக் காணவில்லை. மேசை லாச்சி எல்லாம் தேடினேன், வகுப்பைத் திட்டினேன். அதற்கு மறுநாள் அது மேசையில் தானாகவே இருந்தது. மஞ்சள் எண்ணெய் பூசியிருந்தது. நாலாம் அங்குலத்துக்கும் ஐந்தாம் அங்குலத்துக்கும் நடுவில், ஒரு வளைவும் கீழே இரண்டு கோடும். இந்த முறை மாமன் கையை அழுத்திவிட்டார், அடிமட்டத்தின் ஓரம் கொஞ்சம் கரிந்து பள்ளமாகிவிட்டது.

அன்று பின்னேரம் பெட்டியிலிருந்து மாற்றல் விண்ணப்பத்தை எடுத்தேன். அதன் பின்பக்கத்தில் அந்த அடிமட்டத்தை வைத்துக் கோடு இழுத்துப் பார்த்தேன். நாலாம் அங்குலம் தாண்டியதும் கோடு ஒருதரம் குழிக்குள் இறங்கி ஏறியது. அந்தக் கடதாசி பிறகு எதற்கும் உதவவில்லை.

புதுத் தவணை இடாப்புக்கு நான் கோடு கீறிக்கொண்டு இருக்கையில் தலைமையாசிரியர் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"கோடு கோணுதே, ரீச்சர்?"

"ஓம், ஐயா" என்றேன். "அதிலை எங்கட குறி இருக்குது."